எண்ணெய் உண்ணும் சிற்றுயிர்கள்



வடசென்னைக் கடற்கரையை அடுத்த பங்கு ஒன்றிலிருந்து குடும்பத் தலைவி ஒருவர் நமக்கு ஓர் அஞ்சலட்டை விடுத்திருக்கிறார். "சாமி, தண்ணீரில் கொட்டின எண்ணெயைக் கிருமிகள் தின்று தீர்த்துவிடும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் எங்கள் வீட்டுக்காரர் வலை போடும் கழிமுகத்தில் படிந்ததை எத்தனை நாளில் தின்னும்? அந்தக் கிருமியைப் பொட்டலமாகவும் விற்கிறார்களாமே, வாங்கிப் போட்டால் சீக்கிரம் தீருமா?" என்பது அவர் எழுதியது.

இரு கேள்விகளும் நல்ல கேள்விகள். எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்களைப் பற்றி எழுதுவோர் பலரும் அவற்றின் ஆற்றலை வியந்து பாடுகின்றனரேயன்றி, எத்தனை நாளில் என்று எவரும் சொல்வதில்லை. உலை கொதிக்கக் காத்திருப்பவருக்குத்தான் நாள்கணக்குத் தேவைப்படும். ஆகவே இத்திங்கள் அதனையே எடுத்துக் கொள்வோம்.

பெட்ரோலியம் என்னும் சொல்லைப் பிரித்தால் 'பெட்ரா', 'ஓலெயும்' என்னும் இரு சொற்கள் கிடைக்கும். முன்னது பாறை, பின்னது எண்ணெய். புனித இராயப்பரின் பெயருக்கு அடியாய் அமைந்த அதே பாறைதான் இது. (குருமடத்தில் கற்ற இலத்தீன் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதை வாசகர்கள் பொறுத்தருள்க, இன்னொரு முறையும் பார்க்கும்.) பெயர் இப்படியிருப்பினும், பாறை எண்ணெய் பாறையினின்று பிறந்ததன்று. தொல்கடல்களில் வாழ்ந்து மடிந்த நுண்பாசிகளும் பிற சிற்றுயிர்களும் சேற்றில் புதையுண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கிடந்து மாறிய வடிவமே அது.

அதன் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன் எனப்படும் பொருள்களால் ஆனது. கரியும் ஹைட்ரஜனும் அன்றி வேறெதுவும் கலவாத சேர்மங்கள் இவை. செபமாலையின் மணிகள் போலக் கரி அணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்க, அவற்றைச் சுற்றிலும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். மாலையில் நான்கு முதல் பன்னிரண்டு மணிகள் இருப்பின் அது பெட்ரோலில் சேரும். இன்னும் சற்று நீண்டால் மண்ணெண்ணெய், டீசல். இருபதுக்கு மேல் நாற்பது வரை நீண்டால் நாம் ஏற்றும் மெழுகுதிரி. மாலையாக நீளாமல் ஆறு ஆறு அணுக்களாக வளையமிட்டு நிற்பனவும் உண்டு; நஞ்சு மிகுந்தவை பலவும் இவ்வகையினவே. இவற்றோடு, எந்த ஒழுங்கிலும் அடங்காத பெரிய சிக்குண்ட மூலக்கூறுகளும் கச்சா எண்ணெயில் கலந்துள்ளன. சாலையில் இடும் தாருக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் தருவன அவை. ஒரே துளிக் கச்சா எண்ணெயில் இப்படி ஆயிரக்கணக்கான வேறுவேறு பொருள்கள் இருப்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். 'எண்ணெயைக் கிருமி தின்னும்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது ஏன் பிழையாகிறது என்பது இதனால் விளங்கும்.

இப்பொருள்களை ஓர் உயிர் உணவாகக் கொள்ளும் என்பதையே சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்டோர் நம்பியிருக்க மாட்டார்கள். 1895-ஆம் ஆண்டில் மியோஷி என்னும் ஜப்பானிய அறிஞர், பூஞ்சைக் காளான் ஒன்று பாரபின் மெழுகைத் துளைத்துச் செல்வதைக் கண்டு எழுதினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் டச்சு நாட்டு சோங்கன் என்பவர், மண்ணெண்ணெயையும் பாரபினையும் தவிர வேறு உணவே இன்றிப் பெருகும் பாக்டீரியாக்களைத் தோட்ட மண்ணிலிருந்தே பிரித்துக் காட்டினார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் இவை தம் இருப்பைக் காட்டத் தவறவில்லை. விமானங்களின் எரிபொருள் தொட்டியில் அடியில் தங்கும் சிறிது நீரில் வேரூன்றி, மேலே நிற்கும் மண்ணெண்ணெயை உண்டு தழைத்த பூஞ்சைக் காளான், வடிகட்டிகளை அடைத்து விமானப் பொறியாளர்களுக்குப் பெருந்தொல்லை தந்தது. அதற்கு 'மண்ணெண்ணெய்க் காளான்' என்றே பெயரிட்டனர்.

எப்படி உண்கின்றன? எண்ணெயும் நீரும் கலவா என்பது சமையலறையில் நாம் அறிந்ததே. உயிரோ நீரில் வாழ்வது. ஆகவே முதல் வேலை, எண்ணெயை அணுகுவது. இதற்காகப் பல பாக்டீரியாக்கள் தாமே ஒருவகைச் சோப்பை உண்டாக்கி வெளியிடுகின்றன. சீயக்காய் தலையிலுள்ள எண்ணெயைப் பிரித்தெடுப்பது போல, இப்பொருள் எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. துளி சிறுத்தால் உண்ணத்தக்க பரப்பு மிகும். சில பாக்டீரியாக்கள் துளியின் மேலேயே ஒட்டிக்கொண்டு குடியிருந்துவிடுகின்றன.

இரண்டாம் வேலைதான் கடினமானது. சர்க்கரை மூலக்கூறில் ஆங்காங்கே பிராணவாயு அணுக்கள் பாத்திரத்தின் கைப்பிடிகள் போல நீட்டிக்கொண்டிருக்கும். உடலின் நொதிகள் அவற்றைப் பற்றி எளிதில் பிரித்துவிடும். ஹைட்ரோகார்பனிலோ பிடியே இல்லை. வழவழப்பான குழவிக்கல்லை ஒரு கையால் தூக்க முயல்வது போன்ற நிலை. இங்கேதான் இச்சிற்றுயிர்களின் தனித்திறம் வெளிப்படுகிறது. அவற்றிடமுள்ள ஒரு நொதி, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவினின்று ஓர் அணுவைப் பிரித்தெடுத்து, மாலையின் கடைசி மணியில் பொருத்திவிடுகிறது. பிடி வந்துவிட்டது! அவ்வளவில் அது சாராய இனத்தைச் சேர்ந்த பொருளாகிறது. மேலும் ஈரடி எடுத்து வைத்தால் கொழுப்பு அமிலமாகிறது.

கொழுப்பு அமிலம் என்பது நமக்குப் புதிதன்று. தேங்காயெண்ணெயிலும் நெய்யிலும் இருப்பது அதுவே. அதற்குப் பின் அந்தப் பாக்டீரியாவினுள் நடப்பது, நம் உடலில் தேங்காயெண்ணெய்க்கு நடப்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. மாலையினின்று இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றி, ஒரு பங்கை எரித்து ஆற்றல் பெற்று, மறு பங்கைக் கொண்டு தன் உடலையே கட்டிக்கொள்கிறது. எஞ்சுவது கரியமிலவாயுவும் நீரும். மண்ணெண்ணெயைக் கொழுப்பாக மாற்றும் அந்த முதற்படி ஒன்றே, உணவுக்குப் போதுமான அளவில் நம்மிடம் இல்லாதது.

வளையமாக நிற்பவற்றுக்கு வேறு நொதி உண்டு. அது பிராணவாயுவின் இரண்டு அணுக்களையும் ஒருசேர வளையத்தில் பொருத்தி, பின்னர் வளையத்தையே அறுத்துத் திறந்துவிடும். ஒற்றை வளையம் எளிது, இரட்டை வளையம் சற்றுக் கடினம், நான்கு ஐந்து வளையங்கள் பின்னியிருப்பின் மிக மெதுவாகவே நடக்கும். தாரின் சிக்குண்ட மூலக்கூறுகளை ஏறத்தாழ எதுவும் தொடுவதில்லை. தொடுமானால் நாம் தார்ச்சாலை இடுவது எங்ஙனம்? கனடாவின் அல்பர்ட்டா மாநிலத்தில் பரந்து கிடக்கும் தார் மணல், ஒருகாலத்தில் இளகிய எண்ணெயாய் இருந்ததைச் சிற்றுயிர்கள் பல்லாயிரம் நூற்றாண்டுகளாக உண்டு கழித்த மிச்சமே என்று நிலவியலார் காட்டியுள்ளனர். உண்ணத் தக்கது போயிற்று, தகாதது நின்றது.

மனிதன் கப்பலில் எண்ணெய் ஏற்றத் தொடங்கியது நேற்றைய நிகழ்ச்சி. இவ்வுயிர்கள் இக்கலையை எங்கே கற்றன என்னும் ஐயம் எழக்கூடும். கடலடித் தரையின் வெடிப்புகள் வழியே எண்ணெய் தானே கசிந்து வருவது பன்னெடுங்காலமாக நிகழ்வது. உலகக் கடல்களில் ஆண்டுதோறும் இப்படிக் கசிவது ஏறத்தாழ ஆறு இலட்சம் டன் என்று 2003-இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று மதிப்பிட்டது. அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கடற்பரப்பில் மிதந்து வெயிலை உண்டு வாழும் நுண்ணிய நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் தம் உடலிலேயே சிறிதளவு ஹைட்ரோகார்பனை உண்டாக்குகின்றன. ஒவ்வொன்றிலும் அற்பமே. எனினும் கடல் முழுவதையும் கூட்டினால் ஆண்டுக்குப் பல கோடி டன் ஆகும் என்று 2015-இல் வெளியான ஆய்வு கணித்தது. அவை மடிந்ததும் அதை உண்ண ஒரு கூட்டம் காத்திருக்கிறது. ஆகவே பந்தி என்றும் நடந்துகொண்டிருப்பதே. எண்ணெய்க் கப்பல் உடைவது, அப்பந்தியில் திடீரென வண்டி வண்டியாகச் சோறு கொட்டுவது போன்றது.

அக்கூட்டத்தில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி அறிமுகம் செய்வோம். ஜெர்மனியின் வடகடல் தீவாகிய போர்க்கும் அருகே கண்டெடுக்கப்பட்டு 1998-இல் பெயர் பெற்றது, 'அல்கானிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ்' என்னும் பாக்டீரியா. 'வோராக்ஸ்' என்பது இலத்தீனில் பெருந்தீனிக்காரன். அல்கேன் என்பது முன்சொன்ன மாலை வகை ஹைட்ரோகார்பன். பெயருக்கேற்ப இதற்கு அல்கேனும் அதனோடு ஒத்த சிலவும் தவிர வேறொன்றும் வேண்டா. சர்க்கரையைக் கொடுத்தாலும் தொடாது. தூய கடல்நீரில் தேடினால் அரிதாகவே தென்படும். எண்ணெய் கொட்டிய சில நாள்களுக்குள் அதே நீரில் மற்றெல்லாவற்றையும் விஞ்சிப் பெருகி நிற்கும்.

இத்தனையும் படித்தபின், "பின் ஏன் கவலை? விட்டுவிட்டால் தீர்ந்துவிடும் அன்றோ?" என்று கேட்கத் தோன்றும். எண்ணெய் வணிகர்களும் அவ்வப்போது இதனைச் சொல்லி ஆறுதல் கூறுவதுண்டு. அவ்வாறுதலில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை இப்போது காண்போம்.

ஒரு லிட்டர் கச்சா எண்ணெயை முற்றிலும் கரியமிலவாயுவும் நீருமாக்க ஏறத்தாழ மூன்று கிலோ பிராணவாயு வேண்டும். கடல்நீர் ஒரு லிட்டரில் கரைந்திருப்பதோ சுமார் எட்டு மில்லிகிராம். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரை இலட்சம் லிட்டருக்குக் குறையாத கடல்நீரின் பிராணவாயு முழுவதும் செலவாகும். அலை புரளும் திறந்த கடலில் காற்றினின்று புதிய பிராணவாயு கலந்துகொண்டே இருப்பதால் இது இயலும். சேற்றுக்கு அடியில் இயலுமா?

பிராணவாயு மட்டும் போதாது. எண்ணெயில் கரி நிறைய உண்டு; தழைச்சத்தாகிய நைட்ரஜனும் மணிச்சத்தாகிய பாஸ்பரசும் போதுமான அளவில் இல்லை. அவையின்றி எவ்வுயிரும் தன் உடலைப் பெருக்க முடியாது. நூறு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு தழைச்சத்து, ஒரு பங்கு மணிச்சத்து என்பது இத்துறையினர் கொள்ளும் ஏட்டுக் கணக்கு. வெறும் சோற்றை மலைபோல் குவித்து, பருப்பும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கச் சொன்னால் எப்படியோ, எண்ணெயின் நடுவே பாக்டீரியாவின் நிலையும் அப்படியே.

இவ்வுண்மை மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது அலாஸ்காவில். 1989 மார்ச் 24, பெரிய வெள்ளிக்கிழமை. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் 'எக்சான் வால்டெஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல், பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்னும் உட்கடலில் பிளை பாறைத் திட்டில் மோதியது. நான்கு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் பாய்ந்தது. சுமார் 2,000 கிலோமீட்டர் கரையோரம் பாழ்பட்டது. மடிந்த கடற்பறவைகள் இரண்டரை இலட்சம் என்பது மதிப்பீடு. கடல் நீர்நாய்கள் 2,800.

கரையைக் கழுவ முதலில் கையாண்ட முறை, வெந்நீரைப் பேரழுத்தத்துடன் பீய்ச்சுவது. பாறைகள் வெளுத்தன, பாறையிலிருந்த சிப்பிகளும் பாசிகளும் கூடவே வெந்தன. இவ்வாறு கழுவிய இடங்களில் சில, கழுவாது விட்ட இடங்களைக் காட்டிலும் மெதுவாகவே உயிர்பெற்றன எனப் பின்னர்க் கண்டனர். நல்லெண்ணத்துடன் செய்த வேலையெல்லாம் நற்பயன் தருவதில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தார் நைட் தீவின் துறை ஒன்றில் வேறொன்றை முயன்றனர். அங்குள்ள பாறைக் கற்களில் எண்ணெய் உண்ணும் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே பெருகியிருந்ததை அவர்கள் அறிவர். குறைவு எரு ஒன்றே. ஆகவே உழவன் வயலுக்கு இடுவது போல, கரையின் ஒரு பகுதிக்கு மட்டும் உரமிட்டனர். எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளுமாறு செய்த யூரியாக் கலவை ஒன்று, மெல்ல மெல்லக் கரையும் குருணை உரம் ஒன்று. இரண்டு மூன்று வாரங்களில், உரமிட்ட பாத்தி மட்டும் கரியகரையின் நடுவே சன்னல் திறந்தாற்போல் வெளுத்து நின்றது. வானூர்தியிலிருந்து பார்த்தோர்க்கும் அதன் எல்லை தெரிந்ததாம்.

உடனே மறுப்பும் எழுந்தது. உரக்கலவையில் சோப்புத்தன்மை உண்டு, எண்ணெய் கழுவிக்கொண்டு போயிருக்கலாம், பாக்டீரியா தின்றது என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டனர். கேட்க வேண்டிய கேள்வியே. சோப்புத்தன்மை அறவே இல்லாத வெறும் உரநீரைத் தெளித்த இடத்திலும் கரை வெளுத்தது என்பது ஒரு விடை. இரண்டாவது விடை இன்னும் நுட்பமானது. நம் வீட்டுப் பந்தியில் இலையை எடுக்கும்போது கறிவேப்பிலையைக் கவனித்திருப்பீர்கள். சோறும் குழம்பும் உள்ளே போகும், கறிவேப்பிலை மட்டும் இலையோரம் ஒதுங்கிக் கிடக்கும். குழம்பு இலையோடு வழிந்து ஓடியிருந்தால் கறிவேப்பிலையும் உடன் ஓடியிருக்கும். கறிவேப்பிலை நிறையக் கிடந்து குழம்பு இல்லையென்றால், உண்ணப்பட்டது என்பது உறுதி. கச்சா எண்ணெயில் 'ஹோபேன்' என்னும் பொருள் அத்தகைய கறிவேப்பிலை. சிற்றுயிர்கள் அதை எளிதில் தொடுவதில்லை. எஞ்சிய எண்ணெயில் ஹோபேனின் பங்கு எவ்வளவு உயர்ந்துள்ளது என அளந்தால், உண்ணப்பட்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அளந்தனர். உரமிட்ட கரைகளில் உண்ணும் வேகம் குறைந்தது இரு மடங்கேனும் மிகுந்திருந்தது. கற்களுக்கிடையேயுள்ள நீரில் தழைச்சத்து எவ்வளவோ அவ்வளவுக்கு வேகம். 1992 வரை கோடைதோறும் உரமிடல் தொடர்ந்தது.

இனி, பொட்டலக் கிருமி. இக்கேள்விக்குப் பின்னால் நம் நாட்டவர் ஒருவரின் கதை உண்டு. வங்காளத்தின் சைந்தியாவில் 1938-இல் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளை உண்ணும் திறன்கள் நான்கை ஒரே பாக்டீரியாவில் சேர்த்துக் காட்டினார். அதற்குக் காப்புரிமை கேட்டபோது, உயிருள்ளதற்கு எப்படி உரிமை தருவது என வழக்கெழுந்தது. 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் ஒரு வாக்கு மிகுதியால் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயிரினத்துக்கு மனிதன் உரிமை கொண்டாடலாமா என்பது பெரிய கேள்வி. அதனை இன்னொரு திங்களுக்கு ஒதுக்குவோம். இங்கே சொல்ல வேண்டுவது வேறு. உலகப் புகழ் பெற்ற அந்தப் பாக்டீரியா எந்தக் கடலிலும் எண்ணெயைத் துப்புரவு செய்ய விடப்படவே இல்லை. சக்கரவர்த்தி 2020-இல் காலமானார்.

அலாஸ்காவிலேயே விற்பனைக் கிருமிகளும் சோதிக்கப்பட்டன. பத்து வகைகளை ஆய்வுக்கூடத்தில் பார்த்து, தேறிய இரண்டை மட்டும் 1990-இல் கரையில் தூவினர். தூவிய இடத்துக்கும் தூவாத இடத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. இதில் வியப்பில்லை. அவ்வூர்க் குளிருக்கும் அலைக்கும் பழகிய உள்ளூர்ப் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பந்தியில் அமர்ந்திருக்க, ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த விருந்தாளி அங்கே போட்டியிட்டு நிற்பது கடினம். குறைவு உண்போர் தொகையில் இல்லையே! தொழிற்சாலைக் கசடுகளைக் குழியில் இட்டு, காற்றும் உரமும் தந்து, கிருமியும் சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறை நம் நாட்டிலும் உண்டு, பயனும் தருகிறது. ஆனால் அது வேலியிட்ட இடம், கடல் அப்படியன்று. ஆதலின் கழிமுகத்தில் தூவுவதற்காகப் பொட்டலம் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டா என்பதே அச்சகோதரிக்கு நம் பதில்.

எத்தனை நாள் என்பதற்கு வருவோம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் துரப்பண மேடை வெடித்துப் பதினொருவர் மாண்டனர். ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் எண்ணெய்க்கிணறு 87 நாள்கள் பீறிட்டது. கடலில் கலந்தது 31.9 இலட்சம் பீப்பாய் என 2015-இல் நீதிமன்றம் முடிவு செய்தது. ஆழ்கடலில் நுண்துளிகளாகப் பரவிய எண்ணெயையும் வாயுவையும் பாக்டீரியாக்கள் விரைந்து உண்டன. கிணறு அடைபட்ட சில வாரங்களுக்குள் அந்த ஆழ்கடல் மேகத்தில் இலகுவான ஹைட்ரோகார்பன்கள் பெரும்பாலும் காணாமற் போயின. இயற்கைக் கசிவு மிகுந்த வளைகுடா அது. உண்போர் முன்னரே பழகியிருந்தனர். ஆயினும் ஒரு பகுதி எண்ணெய் கடற்கசடுகளோடு திரண்டு தரையில் அமிழ்ந்தது. இன்னொரு பகுதி சதுப்புக் கரைகளை அடைந்தது. வாரக்கணக்கு அவற்றுக்குப் பொருந்தவில்லை.

அலாஸ்காவுக்கே மீண்டும் சென்றால், 2001-இல் அரசு ஆய்வாளர்கள் 91 இடங்களில் ஏறத்தாழ 9,000 குழிகள் தோண்டிப் பார்த்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எண்ணெய் இருந்தது. மேலே கழுவித் துடைத்தாற்போன்ற கூழாங்கற்கள். ஓரடி தோண்டினால் கப்பலினின்று நேற்று வழிந்தது போன்ற கரிய எண்ணெய். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தை விளக்கியது. அக்கரைகள் இரண்டு அடுக்காலானவை. மேலடுக்கில் நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும்; கீழடுக்கு நெருக்கமானது, அங்கே நீர் அசைவதே அரிது. ஆகவே பிராணவாயுவும் இல்லை, உரமும் இல்லை. உண்போர் வாசலில் நிற்க, உணவு பூட்டிய அறைக்குள் கிடந்தது. நீர்நாய்களும் ஒருவகை வாத்துகளும் அவ்வெண்ணெயின் தீங்கினின்று விடுபட்டுத் தேற ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. நம் மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெரிங் மீன் 1993-இல் அவ்வுட்கடலில் அருகிப்போயிற்று. எண்ணெயா, நோயா, வேறொன்றா என்று அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. கொர்டோவா என்னும் ஊரின் மீனவர்களுக்கு அந்த மீன்பிடி முன்போல் திரும்பவில்லை என்பது மட்டும் உறுதி.

நம் கரைக்கு வருவோம். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதின. சிந்தியது கச்சா எண்ணெயன்று, கப்பல் எஞ்சினில் எரிக்கும் கனத்த எண்ணெய். முன்சொன்ன தார்ச் சிக்குகள் மிகுந்தது அது. சிற்றுயிர்களுக்கு அதில் உண்ணத்தக்கது குறைவு. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளில் அள்ளியதைப் பார்த்துச் சிலர் நகைத்தனர். அறிவியல் யுகத்தில் வாளியா என்றனர். நாம் நகைக்கமாட்டோம். தார் போன்ற அக்கசடைக் கிருமிக்கு விட்டுவைத்திருந்தால் அது ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கும். இயந்திரங்களோடு வந்து அள்ளியிருக்க வேண்டியவர்கள் தாமதமாக வந்தனர் என்பதுதான் அங்கே வருந்தத்தக்கது. 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பகுதியினின்று வந்த எண்ணெய், கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் வேர்களில் படிந்தது.

கழிமுகத்துக்கான விடை இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கிறது. நீரின் மேற்பரப்பிலும், அலையடிக்கும் மணலிலும் மெல்லிய படலமாய் நின்றதை, நம் வெப்பத்தில், சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தீர்த்துவிடும். தடித்துத் திரண்ட கசடு பல ஆண்டுகள் கிடக்கும். அதை அள்ளத்தான் வேண்டும். அலையாத்திக் காட்டின் சேற்றினுள் இறங்கியதே எல்லாவற்றினும் கடினமானது. அச்சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றத்தைக் கழிமுகத்தார் அறிவர். அங்கே பிராணவாயு இல்லை என்பதன் அடையாளம் அது. பிராணவாயு இன்றியே, கடல்நீரிலுள்ள கந்தக உப்பைக் கொண்டு எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்கள் உள்ளன என்று 1991-இல் ஜெர்மன் அறிஞர்கள் நிறுவினர். அழுகிய முட்டை நாற்றமும் அவ்வினத்தாரின் வேலையே. ஆனால் அவர்கள் மிக மெதுவாக உண்போர்.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஓர் அளவு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், வெஸ்ட் பால்மவுத் என்னும் இடத்தில், 1969 செப்டம்பரில் ஒரு படகு கரைதட்டி டீசல் போன்ற இலகுவான எண்ணெய் சதுப்பில் பாய்ந்தது. சிற்றுயிர்கள் விரும்பி உண்ணும் வகை அது. 2000-ஆம் ஆண்டில் அச்சேற்றைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது, ஒரு சாண் ஆழத்துக்குள் அந்த எண்ணெய் இன்னும் எஞ்சியிருந்தது. முப்பத்தோர் ஆண்டுகள்!

ஆகவே கழிமுகத்தார்க்கு ஒரு செய்தி. எண்ணெய் படிந்த சேற்றில் துப்புரவுக்கென்று கூட்டமாய் இறங்கி மிதிக்க வேண்டா. மேலே கிடப்பது காற்றுப்படும் இடத்தில் கிடக்கிறது. மிதித்தால் அதுவும் பூட்டிய அறைக்குள் போய்விடும். வேர்களில் படிந்ததைப் படகில் இருந்தபடியே அகற்றுதல் நன்று.

சேற்றுக்குக் காற்றூட்டும் வேலையைச் செய்ய அங்கே வேறு ஆள் உண்டு. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் சிறு சேற்று நண்டுதான் அது. நம் கழிமுகங்களிலும் கூட்டங்கூட்டமாய்க் காணலாம். அது வளை தோண்டுந்தோறும் காற்றும் நீரும் உள்ளே இறங்கும், அடங்கிக் கிடந்த பாக்டீரியாக்கள் விழித்துக்கொள்ளும். வெஸ்ட் பால்மவுத் சதுப்பில் இந்நண்டுகளின் வளைகளில் அச்சு வார்த்து, 2007-இல் அளவுகளை வெளியிட்டனர். எண்ணெய் இல்லாத சேற்றில் நேராகக் கீழிறங்கிய வளைகள், எண்ணெய் உள்ள சேற்றில் பாதி ஆழத்திலேயே நின்றிருந்தன. சில, எண்ணெய் அடுக்கைத் தொட்ட இடத்தில் பக்கவாட்டில் வளைந்து, மீண்டும் மேல்நோக்கித் திரும்பியிருந்தன.